அசல் நிலை

பாசிர் பாஞ்சாங்கில் இறங்கியபோது
அதன் மேல் ஒசாகாவின் தூசி அப்படியே இருந்தது.
வெள்ளை. இரண்டே இருக்கை.
தரைக்கும் வயிற்றுக்கும் நாலு விரல் இடைவெளி.
இழுவை லாரியில் ஏற்ற
பலகைக்குக் கீழே இன்னொரு பலகை,
அதற்கும் கீழே என் செருப்பு.

வாங்கியவர் பல் மருத்துவர் ஹேமாவதி,
படத்தைப் பார்த்தே வாங்கியவர்.
"எதையும் மாத்திடாதீங்க" என்று செய்தி அனுப்பியிருந்தார்.
முதலாளி கோ பூன் ஹுவாட் அதைப் படித்தார்,
விதித்தாளை விரித்தார்,
சிவப்புப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தார்.
புகைக்குழாய். ஸ்பிரிங். கண்ணாடிக் கறுப்பு.
பந்தய இருக்கை. ஸ்டியரிங்.
தப்பித்தது நிறமும் சக்கரங்களும்தான்.
தேநீர் குடித்துவிட்டு வந்து
சக்கரங்களுக்கும் போட்டார்.

கழற்றுவது என் வேலை.
யாரோ ஒருவன் ராத்திரி ராத்திரியாய்க்
கண் விழித்துச் செய்திருக்கிறான்.
ஒவ்வொரு நட்டின் தலையிலும் மஞ்சள் மார்க்கரில் ஒரு கோடு,
முறுக்கி நிறுத்திய இடத்துக்கு அடையாளம்.
ஒன்றுகூட நகர்ந்திருக்கவில்லை.
ஸ்பானரை வைத்துத் திருப்பத் திருப்ப
கோடு இரண்டாகப் பிரிந்து
பாதி ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம் போயிற்று.
இருக்கைக்கு அடியில்
சுங்கச்சாவடி ரசீது ஒன்று,
தாள் பிரிக்காத இருமல் மிட்டாய் ஒன்று.
மிட்டாயைத் தின்றேன். இஞ்சி.

புகைக்குழாய் டைட்டானியம்.
சூடு பட்டுப் பட்டு மயில்கழுத்து நிறம் ஏறியிருந்தது.
கையில் எடுத்தால் ஒரு தர்பூசணியின் கனம்கூட இல்லை.
அதற்கு ஈடாக அசல் குழாய் தேடி
ஜொகூர் பாரு, கிள்ளான்,
கடைசியில் ஈப்போவில் ஒரு பழைய சாமான் கொட்டகை.
கனமானது, துருப்பிடித்தது,
கொஞ்சமும் வெட்கமில்லாத ஊமை.

முதல் முறை தோற்றோம்.
காரைத் தூக்கியதில் விளக்கும் தூக்கிக்கொண்டது.
"வானத்தைப் பார்க்கிறது,
சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் மலாயில்
பரிசோதகர் நூர்ஹாயாத்தி.
சிரித்தாரா என்று தெரியவில்லை. முகக்கவசம்.

இரண்டாம் முறை
சத்தம் அளக்கும் கருவியை வால்பக்கம் வைத்துவிட்டு
மிதி என்றார். பிடி. விடு.
பதினோரு வருஷத்துக்கு முன்
குளிர்ந்த தகட்டில் நெஞ்சை அழுத்தி நின்றபோதும்
ஏறக்குறைய இதேதான்.
இழு. பிடி. விடு.
அன்றைக்கும் என்ன தெரிந்தது என்று யாரும் சொல்லவில்லை,
போகலாம் என்று கையைக் காட்டினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம்
கிராம்பு வாசனையோடு டாக்டர் வந்தார்.
சாவியைத் திருப்பினார்.
"ஓடுதா?"
ஓடுது டாக்டர்.
காதைச் சாய்த்து இன்னொரு தடவை கேட்டார்,
கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்க்கிறவர்போல.
"அவ்வளவுதானா?"
முதலாளி சுவரிலிருந்த நாட்காட்டியை
ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழைய குழாய் எங்கே?"
மாட்டினா அபராதம், என்றேன்.
"மாட்டச் சொன்னேனா? எடுத்துட்டு வாங்க."

தமிழ் முரசில் சுற்றி வைத்திருந்ததைக் கொடுத்தேன்.
பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்தார்.
உடனே கார் கூவத் தொடங்கியது,
அத்தனை லேசானதற்குப் போய்,
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்,
வாரை மாட்டு, மாட்டு என்று.
டாக்டர் எட்டி
குழாயின் இடுப்பைச் சுற்றி வாரை இழுத்து மாட்டினார்.
கூச்சல் நின்றது.

உபி சிக்னல்வரைக்கும்
இருவரும் ஒரு சத்தமும் இல்லாமல் போனார்கள்.
கைகழுவப் போனபோதுதான் பார்த்தேன்,
சட்டைப்பையில் மஞ்சளாய்ப் பெரிய கறை.
மார்க்கரை மூட மறந்திருக்கிறேன்.